மஜ்ஜை ஸ்லைடில் டிஸ்பிளாசியா தேடுவது எப்படி? எம்.டி.எஸ். சந்தேகம் வரும்போது பார்க்க வேண்டிய வரிசை

வயதான ஒருவருக்கு மாதக்கணக்கில் ஹீமோகுளோபின் ஏறவில்லை. இரும்பு மாத்திரை கொடுத்தும் பலனில்லை. பிளேட்லெட்டும் சரிந்துகொண்டே வருகிறது. மஜ்ஜை அணுக்களைச் சரியாக உருவாக்காததால் ரத்த அணுக்கள் குறையும் மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ்., இருக்குமோ என்ற கேள்வியோடு எலும்பு மஜ்ஜை ஸ்லைடு உங்கள் மேசைக்கு வருகிறது. ஹெமட்டாலஜிக்குப் புதிதாக வந்த பத்தாலஜி மாணவர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் அங்கிருந்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அணுக்களை அடையாளம் காண்பதில் அல்ல, பார்க்கும் வரிசையில். ஸ்லைடை வைத்ததும் நேராக ஆயில் இம்மர்ஷனுக்குப் போகிறார்கள். உருக்குலைந்த ஓர் அணு கிடைத்ததும் ‘டிஸ்பிளாசியா’, அதாவது அணுக்களின் வளர்ச்சிக் கோணல், என்று குறித்துவிடுகிறார்கள். ஆரோக்கியமான ஆளின் மஜ்ஜையிலும் தேடினால் அப்படி நாலு அணு கிடைக்கும். டிஸ்பிளாசியா என்பது எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். ஒரு வம்சத்து (சிவப்பணு, நியூட்ரோஃபில், பிளேட்லெட்டை உண்டாக்கும் மெகாகேரியோசைட் ஆகிய மூன்றில் ஒன்றின்) அணுக்களில் 10 சதவீதமாவது அப்படி இருந்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதைக் கணக்கில் எடுக்கிறது.

1. ஸ்லைடைத் தொடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரத்த அணுக்கள் உண்மையிலேயே குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 2022 வகைப்பாட்டின்படி ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே, நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 1,800க்குக் கீழே, பிளேட்லெட் 1,50,000க்குக் கீழே. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து இருக்க வேண்டும். எதுவுமே குறையாத ஒருவருக்கு மஜ்ஜையில் கொஞ்சம் கோணல் தெரிந்தால் அதற்கு எம்.டி.எஸ். என்று பெயர் வைக்க முடியாது.

அதே அறிக்கையில் மோனோசைட்டையும் பார்த்துவிடுங்கள். அது மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தாண்டி, மொத்த வெள்ளணுக்களில் 10 சதவீதத்தையும் எட்டி, அப்படியே நீடித்தால் நாள்பட்ட மைலோமோனோசைட்டிக் லுக்கீமியா பக்கம் யோசிக்க வேண்டும். மஜ்ஜை முடிந்த பிறகு இதைக் கவனித்தால் எண்ணியதையெல்லாம் திரும்ப எண்ண வேண்டிவரும்.

அடுத்து, விவரங்கள். பி12, ஃபோலேட், ஃபெரிட்டின், எச்.ஐ.வி. முடிவுகள். மது உண்டா? முன்பு கீமோதெரபியோ கதிர்வீச்சோ எடுத்திருக்கிறாரா? கடைசியாக ரத்தம் ஏற்றியது எப்போது, வெள்ளணுவை ஏற்றும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போட்டார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக மருந்துப் பட்டியல். ‘மாத்திரை எதுவும் இல்லை’ என்று படிவத்தில் எழுதியிருந்தாலும் வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது. காசநோய் மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் பலர் ‘மருந்து’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே கேட்க வேண்டும்? எம்.டி.எஸ்.ஸில் தெரியும் கோணல்கள் எல்லாமே வேறு காரணங்களாலும் வரக்கூடியவை. ஸ்லைடில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அப்புறம் விவரம் கேட்டால், வந்த முடிவுக்கு ஏற்றபடிதான் மனசு அந்த விவரத்தைப் படிக்கும்.

சுற்றோட்ட ரத்தத்தின் ஸ்மியரும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் 200 வெள்ளணுக்களை எண்ணுங்கள். நியூட்ரோஃபிலின் குறைபாடுகள் மஜ்ஜையைவிட ரத்தத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

2. மாதிரி எடுக்கும்போது

இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் எடுக்கும் மஜ்ஜையில் முதல் இழுப்புதான் ஸ்லைடுக்கு. அரை மில்லிக்குள் போதும். அதற்கு மேல் இழுத்தால் ரத்தம் கலந்து, மஜ்ஜை அணுக்களின் விகிதம் மாறிவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் குரோமோசோம் பரிசோதனைக்கும் அடுத்தடுத்த இழுப்புகளிலிருந்து கொடுக்கலாம். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் இழுப்பு முழுவதும் குழாய்களுக்குப் போய்விடும், மீந்த ரத்தத்தில் ஸ்லைடு போடுவார்கள். பிளாஸ்ட் (முதிராத ஆரம்பநிலை அணு) எண்ணிக்கை குறைவாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முடிந்தால் படுக்கைக்கு அருகிலேயே, எந்த உறைவுத் தடுப்பானும் சேர்க்காமல் ஸ்மியர் போடுங்கள். இ.டி.டி.ஏ. குழாயில் கொண்டுவந்தால் 2 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நேரம் கடந்தால் சைட்டோபிளாசத்தில் குமிழிகள் வரும், நியூக்ளியஸின் மடல்கள் உருமாறும், கிரானுல்கள் மங்கும். பார்ப்பதற்கு அசல் டிஸ்பிளாசியா மாதிரியே இருக்கும். மதியம் எடுத்த மாதிரியை மாலையில் ஸ்மியர் போட்டிருந்தால், அந்த ஸ்லைடை வைத்து டிஸ்பிளாசியா பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஹெப்பாரின் கலந்த மாதிரி ஸ்மியருக்கு வேண்டாம், பின்னணி நீலம் பாய்ந்துவிடும். அது குரோமோசோம் பரிசோதனைக்கு மட்டும்.

டிரெஃபைன் பயாப்சியும், அதாவது மஜ்ஜையோடு சேர்த்து எடுக்கும் சிறு எலும்புத் துண்டும், கூடவே வேண்டும். மஜ்ஜையில் எவ்வளவு அணு, எவ்வளவு கொழுப்பு, நார் படிந்திருக்கிறதா, பிளாஸ்ட்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதை ஸ்மியர் சொல்லாது. ஊசியில் ஒன்றுமே வராவிட்டால் அந்த டிரெஃபைன் துண்டை ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஸ்லைடில் மெதுவாக ஒற்றி எடுத்துவிடுங்கள். அணுக்களைத் தனித்தனியாகப் பார்க்க அன்றைக்கு அது ஒன்றுதான் வழி.

3. ஸ்டெயின் சரியா என்று பார்ப்பது

ஸ்மியர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெத்தனாலில் வைக்க வேண்டும். ஈரம் இருந்தாலோ மெத்தனாலில் தண்ணீர் சேர்ந்திருந்தாலோ சிவப்பணுக்களில் பளபளக்கும் குமிழிகள் வரும், நியூக்ளியஸ் கலங்கித் தெரியும். மழைக்காலத்தில் மெத்தனால் பாட்டிலைத் திறந்து வைக்கும் லேப்களில் இந்தத் தொல்லை அதிகம்.

லீஷ்மனோ, மே-கிரன்வால்ட் கீம்சாவோ, உங்கள் லேபில் வழக்கமாக உள்ளது எதுவாக இருந்தாலும் சரி. பஃபரின் பி.எச். 6.8 பக்கத்தில் இருக்கட்டும். மஜ்ஜை ஸ்மியரில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் ரத்த ஸ்மியருக்குக் கொடுக்கும் நேரம் போதாது, கூடுதலாகக் கொடுங்கள்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், கிரானுல் இல்லாத நியூட்ரோஃபில் எம்.டி.எஸ்.ஸின் முக்கியமான அடையாளம். ஸ்டெயின் குறைந்தாலும் அதே தோற்றம்தான் வரும். அதே நாளில், அதே தொகுதியில் ஸ்டெயின் செய்த வேறொரு நோயாளியின் ரத்த ஸ்மியரை எடுத்துப் பாருங்கள். அதிலும் நியூட்ரோஃபில்கள் வெளிறி இருந்தால் குறை ஸ்டெயினில். மறுபடி ஸ்டெயின் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. சிறிய லென்ஸில் ஒரு சுற்று

10 எக்ஸ் லென்ஸில் ஸ்லைடை முழுக்க ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மஜ்ஜைத் துகள்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது பெரும்பாலும் ரத்தம்தான். மெகாகேரியோசைட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். துகளுக்குப் பின்னால் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து கிடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், எண்ணுவது அங்கேதான். நெருக்கமான இடத்தில் எல்லா அணுவும் சுருங்கிக் கறுத்துத் தெரியும். ஸ்மியரின் ஓரத்திலோ அணுக்கள் நசுங்கிக் கிடக்கும்.

5. 500 அணுக்களை எண்ணுவது

நியூக்ளியஸ் உள்ள 500 அணுக்கள். பிளாஸ்ட் முதல் முதிர்ந்த நியூட்ரோஃபில் வரை, எரித்ரோபிளாஸ்ட் (சிவப்பணுவின் முன்னோடி), லிம்போசைட், மோனோசைட், பிளாஸ்மா செல் எல்லாம் சேரும். மெகாகேரியோசைட், மேக்ரோஃபேஜ், நசுங்கிப்போன அணு, வெற்று நியூக்ளியஸ் இவை சேராது.

100 எண்ணினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. எம்.டி.எஸ்.ஸில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழ், 5 முதல் 9, 10 முதல் 19 என்று பிரிவுகள் உண்டு. 20 சதவீதத்தை எட்டினால் பொதுவாக அக்யூட் மைலாய்டு லுக்கீமியா. நோயாளியின் சிகிச்சையே இந்தக் கோடுகளை ஒட்டி மாறுகிறது. 100 அணுவில் ஒரே ஓர் அணுவை மாற்றிப் பெயரிட்டால் நோயாளி ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடுவார். 500 எண்ணும்போது 5 சதவீதம் என்பது 25 அணு. ஒன்றிரண்டு தவறினாலும் பெரிதாக ஆட்டம் காணாது.

பிளாஸ்ட்டில் கிரானுல் இருக்கலாம். கிரானுல் தெரிந்ததும் புரோமைலோசைட் என்று ஒதுக்குவது புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு. புரோமைலோசைட்டில் நியூக்ளியஸ் ஒரு பக்கமாக ஒதுங்கி, அதன் அருகில் வெளிறிய கோல்கி பகுதி தெரியும். பிளாஸ்ட்டில் அது தெரியாது. இதற்கு நேர் எதிரான தவறு புரோஎரித்ரோபிளாஸ்ட்டைப் பிளாஸ்ட் கணக்கில் சேர்ப்பது. உருண்டையான நியூக்ளியஸ், அடர்நீல சைட்டோபிளாசம் என்றால் அது எரித்ராய்டு, அதாவது சிவப்பணு வம்சத்தின், பக்கம்.

பிளாஸ்ட்டுக்குள் சிவந்த குச்சி போல ஆயர் ராடு தென்படுகிறதா என்று தேடுங்கள். ஒன்று உறுதியாகத் தெரிந்தால், பிளாஸ்ட் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் நோயாளி எம்.டி.எஸ்.ஸின் அதிக பிளாஸ்ட் உள்ள பிரிவுக்குப் போய்விடுவார். ரத்த ஸ்மியரின் பிளாஸ்ட்டும் கணக்கில் உண்டு, அங்கே 2 சதவீதமே பிரிவை மாற்றப் போதும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி தரும் சிடி34 (பிளாஸ்ட்களின் மேற்பரப்பில் தேடும் அடையாளப் புரதம்) சதவீதத்தை இந்த இடத்தில் போட்டு நிரப்பாதீர்கள். குழாய்க்குப் போனது பிந்தைய இழுப்பு. தவிர எல்லாப் பிளாஸ்ட்டிலும் சிடி34 இருப்பதில்லை.

6. மூன்று வம்சங்களையும் தனித்தனியாக

இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும். எரித்ராய்டு அணுக்களில் 200, நியூட்ரோஃபிலிலும் அதன் முன்னோடிகளிலும் 200, மெகாகேரியோசைட்டில் குறைந்தது 30. ஒவ்வொரு வம்சத்துக்கும் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்தால் கண்ணுக்குப் பழகியதை மட்டும் எண்ணி, மற்றதை விட்டுவிடுவோம்.

எரித்ராய்டில் தேட வேண்டியவை: நியூக்ளியஸ் மொட்டு விடுவது, துண்டு துண்டாக உடைவது, ஓர் அணுவில் பல நியூக்ளியஸ், இரண்டு அணுக்களின் நியூக்ளியஸை இணைக்கும் மெல்லிய குரோமாட்டின் இழை, சைட்டோபிளாசத்தில் குமிழி. மெகலோபிளாஸ்ட் (பெரிதாகி, நியூக்ளியஸ் முதிராமல் பின்தங்கிய எரித்ரோபிளாஸ்ட்) சாயலும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை வராது. பி12 முடிவை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

ஓர் அணு இரண்டாகப் பிரியும் கடைசிக் கட்டத்தில் சைட்டோபிளாசம் ஒட்டியபடி இருப்பது சாதாரணம். அதை நியூக்ளியஸ் இணைப்பு என்று எண்ணக் கூடாது. அருகருகே கிடக்கும் இரண்டு அணுக்களை இரட்டை நியூக்ளியஸ் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஃபோகஸ் திருகை லேசாக ஆட்டினால் இரண்டின் விளிம்பும் தனியாகத் தெரியும். பொதுவாகவே இந்த மூன்றில் எரித்ராய்டு கோணல்தான் மிகவும் மலிவானது. உடம்பில் வேறு எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் தடுமாறுவது இந்த வம்சம்தான்.

நியூட்ரோஃபிலில் இரண்டு விஷயம் முக்கியம்: மடல் குறைவதும் கிரானுல் குறைவதும். போலி பெல்கர் அணுவில் நியூக்ளியஸ் மூக்குக் கண்ணாடி போல இரண்டு உருண்டைகளாக, நடுவில் மெல்லிய இழையோடு இருக்கும். சிலவற்றில் மடலே இருக்காது, ஒரே உருண்டைதான். இந்த இரண்டாவது வகையை மைலோசைட் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். குரோமாட்டினைப் பாருங்கள். கட்டி கட்டியாக, இறுக்கமாக இருந்தால் அணு முதிர்ந்தது, மடல்தான் பிரியவில்லை. மைலோசைட்டின் குரோமாட்டின் இவ்வளவு இறுகியிருக்காது.

கிரானுலைப் பொறுத்தவரை ‘கொஞ்சம் வெளிறியது மாதிரி இருக்கிறது’ என்பதற்கெல்லாம் கோடு போடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்காவது போயிருந்தால்தான் எண்ணுங்கள். அதே புலத்தில் கிரானுல் நிறைந்த நியூட்ரோஃபிலும் வெறுமையான நியூட்ரோஃபிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நல்ல சாட்சி, ஏனென்றால் இரண்டுக்கும் ஸ்டெயின் ஒன்றுதான்.

மெகாகேரியோசைட்டில் மூன்று உருவங்களைத் தேடுங்கள். நுண்மெகாகேரியோசைட், அதாவது புரோமைலோசைட் அளவோ அதைவிடச் சிறியதோ. அடுத்து, மடலே இல்லாத ஒற்றை நியூக்ளியஸ். மூன்றாவது, இணைப்பே இல்லாமல் தனித்தனியாகச் சிதறிய பல நியூக்ளியஸ்கள்.

இவற்றில் நுண்மெகாகேரியோசைட்தான் எம்.டி.எஸ்.ஸுக்கு மிகவும் நம்பகமான சாட்சி. அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் சிறிய லென்ஸில் லிம்போசைட் மாதிரி தெரிந்து நழுவிவிடும். ஆயிலில் பார்த்தால் சைட்டோபிளாசத்தில் பொடிக் கிரானுல்கள், ஓரத்தில் பிளேட்லெட் ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற பிதுக்கம் தெரியும். துகளைச் சுற்றி மட்டும் பார்க்காமல் ஸ்மியரின் வால் பகுதியையும் தேடுங்கள். டிரெஃபைனில் சிடி61 ஸ்டெயின் செய்தால் ஒளிந்திருப்பவை எல்லாம் வெளியே வரும்.

பிளேட்லெட்டை உடம்பே அழித்துவிடும் ஐ.டி.பி.யில் இளம் மெகாகேரியோசைட்டுகள் பெருகும். அவற்றிலும் மடல் குறைவாகவே இருக்கும். மடல் இல்லை என்பதை மட்டும் வைத்து அவசரப்பட வேண்டாம்.

ஓர் உருவத்தைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெகாகேரியோசைட் ரொம்பச் சின்னதாகவும் இல்லை, ஆனால் உருண்டையான ஒற்றை நியூக்ளியஸோடு வரிசையாக வருகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை சாதாரணம் அல்லது அதிகம், சிவப்பணுக்கள் பெரியவை. 5ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி இல்லாத வகை இப்படித் தெரியும். லெனலிடோமைடு மருந்துக்கு இந்த வகை நன்றாகக் கேட்பதால், சந்தேகத்தை அறிக்கையில் எழுதினால் நோயாளிக்கு நேரடிப் பயன் உண்டு.

7. இரும்பு ஸ்டெயினைத் தவறவிடக் கூடாது

துகள் உள்ள ஒரு ஸ்மியரை பெர்ல்ஸ் ஸ்டெயினுக்கு முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறதே என்று பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். உடம்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதோடு, அது அணுவுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் இங்கே கேள்வி.

எரித்ரோபிளாஸ்ட்டின் நியூக்ளியஸை ஒட்டி 5 அல்லது அதற்கு மேல் நீலப் புள்ளிகள், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது சூழ்ந்திருந்தால் அது ரிங் சைடரோபிளாஸ்ட். 100 எரித்ரோபிளாஸ்ட்களில் எத்தனை என்று எண்ணுங்கள். 15 சதவீதம் இருந்தால் எம்.டி.எஸ்.ஸின் ரிங் சைடரோபிளாஸ்ட் வகை. எஸ்.எஃப்.3பி.1 மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால் 5 சதவீதமே போதும். அதனால் 5க்கும் 15க்கும் நடுவே வந்தால் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், ‘சில உள்ளன’ என்று விட்டுவிடாதீர்கள்.

தூசியும் துருவும் நீலமாகவே தெரியும். அணுவை விட்டு வேறு மட்டத்தில் ஃபோகஸ் ஆனால் அது வெளியிலிருந்து விழுந்தது.

8. முடிவுக்கு முன் மாறுவேடங்களைக் கழித்துப் பார்ப்பது

இப்போது முதல் படியில் வாங்கிய விவரங்களைத் திரும்ப எடுங்கள்.

பி12, ஃபோலேட் குறைபாடு முதல் சந்தேகம். நம் ஊரில் இது மிகவும் சாதாரணம். மூன்று வகை ரத்த அணுவும் குறைந்து, மஜ்ஜை நிறைந்து, எரித்ராய்டு அணுக்கள் பயங்கரமாகத் தெரியும். ராட்சத மெட்டாமைலோசைட்டும் அதிக மடல் பிரிந்த நியூட்ரோஃபிலும் சேர்ந்து வந்தால் இந்தப் பக்கம் சாயுங்கள். பி12 ஊசி போட்ட பிறகு எடுத்த மஜ்ஜை என்றால் மெகலோபிளாஸ்ட்டுகள் சீக்கிரமே மறையத் தொடங்கிவிடும், அதனால் ஊசி போட்ட தேதியும் வேண்டும்.

செம்புக் குறைபாட்டைப் பலர் நினைப்பதே இல்லை. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களிடமும் துத்தநாக மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடமும் வரும். எரித்ராய்டு, மைலாய்டு இரண்டின் முன்னோடிகளிலும் குமிழிகள், கூடவே ரிங் சைடரோபிளாஸ்ட். இந்த ஜோடியைப் பார்த்தால் செம்பு அளவு கேளுங்கள். செம்பு கொடுத்தால் சரியாகிவிடும் நோய் இது.

மருந்துகள்: ஐசோனியசிட், லினெசோலிட் இரண்டும் ரிங் சைடரோபிளாஸ்ட்டை உண்டாக்கும். மெத்தோட்ரெக்சேட்டும் அசாத்தியோப்ரினும் மெகலோபிளாஸ்ட் தோற்றத்தைக் கொடுக்கும். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் மைக்கோஃபெனோலேட்டால் அசலைப் போலவே போலி பெல்கர் அணுக்கள் வரும். ஜி-சி.எஸ்.எஃப். ஊசிக்குப் பிறகு கிரானுல்கள் தடித்தும் பிளாஸ்ட் கூடியும் தெரியலாம். மது, எச்.ஐ.வி., ஆர்செனிக் மூன்றும் இதே பட்டியலில் உண்டு.

பிறவியிலேயே பெல்கர்-ஹூவெட் மாற்றம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏறக்குறைய எல்லா நியூட்ரோஃபிலும் இரண்டு மடலோடு இருக்கும், கிரானுல் சரியாக இருக்கும், ரத்த அணுக்கள் குறைந்திருக்காது. பெற்றோரில் ஒருவரின் ரத்த ஸ்மியரைப் பார்த்தால் விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

9. அறிக்கை எழுதுவது

‘டிஸ்பிளாசியா காணப்படுகிறது’ என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. எந்த வம்சத்தில், எத்தனை அணு பார்த்து, எத்தனை சதவீதம், எந்த வகைக் கோணல் என்று எழுதுங்கள். பிளாஸ்ட் சதவீதத்தை மஜ்ஜைக்கும் ரத்தத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஸ்லைடின் தரத்தையும் எழுத வேண்டும். துகள் இல்லை, ரத்தம் கலந்தது, 30 மெகாகேரியோசைட் கிடைக்கவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

10 சதவீதத்தின் விளிம்பில் இருந்தால் இன்னொருவரை, உங்கள் எண்ணைச் சொல்லாமல், எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்றால் இழுத்துப் பிடித்து எம்.டி.எஸ். என்று எழுத வேண்டியதில்லை. ‘டிஸ்பிளாசியா சந்தேகத்துக்குரியது, குரோமோசோம் மற்றும் மரபணு முடிவோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்பது நேர்மையான அறிக்கைதான். அந்தப் பரிசோதனைகளிலும் ஒன்றும் தெரியாவிட்டால் ரத்த எண்ணிக்கையைக் கவனித்து, சில மாதங்கள் கழித்து மஜ்ஜையைத் திரும்ப எடுப்பார்கள்.

அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஸ்லைடுகள் வேண்டும். ஸ்டெயின் செய்யாத இரண்டு மூன்று ஸ்மியர்களையும் பெயர், தேதி, மாதிரி எண் எழுதி அவற்றோடு சேர்த்து எடுத்து வையுங்கள். ஸ்டெயின் செய்யாததை ஃபார்மலின் பாட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். அந்த ஆவி பட்ட ஸ்மியர் அப்புறம் ஸ்டெயினைச் சரியாகப் பிடிக்காது.